ஓர் ஆளுக்கு ஒரு குரல்

கணினிக்கு இரக்கம் கிடையாது என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. பழைய பதிப்புகளுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. ஒரே ஆளை இரண்டு தடவை பதிந்தாலும் கண்டும் காணாமல் விட்டுவிடும். புதிய பதிப்புதான் கறார் பேர்வழி. ஓர் எண்ணுக்கு ஓர் ஆள், ஓர் ஆளுக்கு ஒரு குரல். அதற்கு மேல் ஒன்றே ஒன்று இருந்தாலும் சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அந்தப் பதிப்பை ஏற்றும் வேலை பிரமிளாவின் தலையில் விழுந்தது.

பிரமிளா திருச்சியில் மறுகுரல் நிறுவனத்தின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவள். மறுகுரல் செய்வது எளிய காரியம்தான். காதில் ஒரு சின்னக் கருவி. உயிரோடு இருக்கிறவர் அதனோடு பேசப் பேச, அவர் பேச்சையும் நினைவையும் கோபதாபத்தையும் அது கற்றுக்கொள்ளும். அவர் போன பிறகு வீட்டார் அந்தக் குரலோடு பேசலாம், அது பதில் சொல்லும். கற்று முடித்ததும் ஒலிப்பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். இறந்தவர் வாயில் புது வார்த்தையைத் திணிக்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். ஆகவே ஆள் போன நாளோடு குரல் கற்பதும் நின்றுவிடும். சர்வருக்குள் மட்டும்தான் அது வாழும், வெளியே பிரதி எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆரம்பத்தில் ஊர் சிரித்தது. இப்போது அமாவாசைக்கு அமாவாசை சர்வர் திணறுகிறது. காக்கைக்குச் சோறு வைத்த கையோடு எல்லோரும் அப்பாவிடம் பேச உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வம்பு சொத்து வழக்கில் ஆரம்பித்தது. செத்துப்போன ஒரு பெரியவரின் குரல் நீதிமன்றத்தில் வீடு மூத்தவனுக்கு என்றது. இளையவன் தன் வீட்டுக் குரலைக் கொண்டுவந்தான், அது வீடு இளையவனுக்கு என்றது. இரண்டும் அதே பெரியவர்தான். உயிரோடு இருந்தபோது இரண்டு பேரிடமும் தலையாட்டியிருக்கிறார், பாவம். அரசாங்கம் தலையிட்டது. தை அமாவாசைக்குள் எல்லா நிறுவனமும் ஓர் ஆளுக்கு ஒரு குரல் என்று ஆக்கிவிட வேண்டும், தவறினால் உரிமம் ரத்து.

மாதக்கணக்கில் களையெடுப்பு நடந்தது. பெரும்பாலும் சில்லறைச் சிக்கல்கள். தாத்தாவை மூன்று பேரப்பிள்ளைகள் தனித்தனியாகப் பதிந்தது, புதுக் கருவி வாங்கியபோது பழையதை மறந்தது, இப்படி. பெரிய சிக்கலுக்கு வழி இரண்டுதான். இரண்டு குரலையும் சேர்த்து ஒன்றாக்குவது அல்லது ஒன்றை அழிப்பது. சேர்ப்பதில் என்ன ஆகும் என்பதை ஒரு லாரி அதிபர் காட்டிக்கொடுத்தார். மனிதருக்கு இரண்டு வீடு. இரண்டு வீட்டிலும் தனித்தனியாகக் குரல். இரு தரப்பும் என்னவென்று படிக்காமலே கையெழுத்துப் போட, பிரமிளாவோடு வேலை செய்யும் ஜெரால்டு சேர்த்து வைத்தான். மறுநாள் மூத்த மனைவி பேச உட்கார்ந்ததும் அதிபரின் குரல் இளையவள் பெயரைச் சொல்லிக் கொஞ்சியிருக்கிறது. அந்த அம்மாள் அலுவலகத்துக்கே வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து சத்தம் போடாமல் அழுதுவிட்டுப் போனார். அதுவரை இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த அலுவலகப் பிள்ளைகள் எல்லாம் அன்றோடு சிரிப்பை நிறுத்தினார்கள்.

புதிய பதிப்பை ஏற்றும் இந்தக் குழுவுக்கு ஜெரால்டு தலைவன். பிரமிளாவை விட வயதில் இளையவன், பதவியில் பெரியவன், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவான். பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு காலை அவள் மேசைக்கு வந்து நின்றான். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம், அது யாரோ கை வைத்து ஒதுக்கி வைத்த மாதிரி ஒவ்வொரு பதிப்பிலும் தப்பித்து வந்திருக்கிறது என்றான்.

"பேர் முகிலன். இருபத்தஞ்சு வயசுல தவறியிருக்கார். எண் ஒண்ணுதான், தாய் பேர்தான் ரெண்டு. ஒண்ணுல சுகந்தி, இன்னொண்ணுல..." அவன் நிறுத்தினான். "உங்க பேர் மாதிரியே இருக்கு மேடம்."

"என் பேர்தான்" என்றாள் பிரமிளா.

பழைய பதிப்பு குடிமக்கள் எண்ணையும் தாயின் பெயரையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஓர் ஆளை அடையாளம் கண்டது. ஒரே எண்ணுக்கு இரண்டு தாய் வருவார்கள் என்று அதை எழுதியவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. அவர்களுக்குப் பிரமிளாவின் குடும்பத்தைத் தெரியாது.

சுகந்தி அவளுடைய அக்கா. கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. மருத்துவம், விரதம், ராமேஸ்வரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பிரமிளாவுக்கு முதலில் பெண். இரண்டாவது வயிற்றில் தரித்ததும் வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். உனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. தத்து, பத்திரம், நீதிமன்றம் என்று அலைந்தால் ஊர் வாயில் விழ வேண்டும் என்பதால், பிரசவத்துக்குப் பிரமிளாவைச் சேர்த்ததே சுகந்தி என்ற பெயரில்தான். நர்ஸ் வந்து சுகந்தி சுகந்தி என்று தட்டி எழுப்பி, பையன் பிறந்திருக்கிறான் என்றாள். பிறப்புச் சான்றிதழிலும் அந்தப் பெயரே ஏறியது. பெற்றவள் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லாமல் பிரமிளா வீட்டுக்கு வந்தாள். அவள் கணவர் அந்தப் பேச்சை எடுத்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

முகிலன் அவளைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தான். நல்ல சித்தியாக இருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதிகம் கொஞ்சினால் அக்கா முகம் வாடும், கொஞ்சாமல் இருந்தால் தன் நெஞ்சு வலிக்கும். பள்ளிக்கூடத்து விழாவில் அவன் பரிசு வாங்கியபோது கைதட்டலைக்கூட அளந்து தட்டினாள்.

துவாக்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவளைச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட வந்தான். பேருந்து கிளம்பப் போகிறது. ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, எனக்குத் தெரியும் என்றான். என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். நீதான் என்று தெரியும் என்றான். நீங்கள் என்று கூப்பிட்டவன் முதல் தடவையாக நீ என்றான். எப்படித் தெரிந்தது என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. "அம்மாகிட்ட மட்டும் காட்டிக்காதே. அவங்க தாங்க மாட்டாங்க" என்றான். பேருந்து நகர்ந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் இரண்டாவது குரலைத் திறந்தான். சுகந்தி வீட்டில் திறந்தது வீட்டுக்கே பொதுவானது, அதில் யார் வேண்டுமானாலும் பேசலாம், கேட்கலாம். இது பிரமிளாவுக்கு மட்டும். தாய் பெயர் என்ற இடத்தில் அவனே பிரமிளா என்று எழுதினான். தினமும் வேலை முடிந்து வரும் வழியில் பேசுவான். பாலத்தில் நெரிசல், மேலாளரின் புதுக் கண்ணாடி, பிடித்த பெண் பிடிக்காத மாதிரி நடிப்பது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அம்மா. அத்தனை வருடத்துக் கடனையும் அடைக்கிற அவசரம் அந்தப் பிள்ளைக்கு.

ஓர் ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தான். மூளைக்கு ஏறிவிட்டது, எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சுகந்தியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிரமிளா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து, வந்தவர்களுக்குக் காப்பி கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திக்கு அதுதானே வேலை. ஒரு தூரத்து உறவுக்காரி, நீ ஏன்டி இப்படி இடிந்துபோய் நிற்கிறாய், அக்காவுக்குத் தைரியம் சொல்ல வேண்டாமா என்று கடிந்துகொண்டாள். அவள் அக்காவுக்குத் தைரியம் சொன்னாள்.

அந்த நாளிலிருந்து அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த இரண்டாவது குரல்தான். உலகத்தில் அவளை அம்மா என்று அவன் கூப்பிடும் ஒரே இடம் அது. இப்போது அதற்குத்தான் ஆபத்து.

ஜெரால்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவளுக்குத் தெரிந்ததையே தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சேர்க்கணும்னா ரெண்டு வீட்டுக் கையெழுத்தும் வேணும் மேடம். இல்லேன்னா, அரசுப் பதிவேட்டுல தாய்னு யார் பேர் இருக்கோ அந்தக் குரல் நிக்கும். மத்தது போயிடும்."

"வேற எண் போட்டு வெச்சுக்க முடியாதா?"

"எண் ஒவ்வொண்ணையும் பதிவேட்டோட ஒத்துப் பாக்குது. இல்லாத எண் போட முடியாது, இருக்குற எண் போட்டா அது வேற ஒருத்தரோடது." அவன் குரலைத் தாழ்த்தினான். "எது நிக்கணும்னு நீங்க கை வெச்சு மாத்தலாம். அந்த அனுமதி உங்ககிட்ட இருக்கு. நான் பாக்கல."

அதாவது அக்காவின் முகிலனை அழித்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொள்ளலாம். ஏதோ கோளாறு, குரல் தொலைந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம். பிரமிளா அதை நினைக்காமல் இல்லை. அன்று மதியம் முழுக்க நினைத்தாள். ஒரு தடவை கொடுத்தேன், இன்னொரு தடவையும் நானேதான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டாள். நியாயமான கேள்விதான். பிறகு பையை எடுத்துக்கொண்டு உறையூருக்கு ஆட்டோ பிடித்தாள். அக்காவிடம் உள்ளதைச் சொல்லி, சேர்ப்பதற்குக் கையெழுத்துக் கேட்பது என்று முடிவு.

சுகந்தி சாப்பாட்டு மேசையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேசை மேல் கருவி, அதன் ஒலிபெருக்கியில் முகிலன். கீரையில் பருப்புப் போடட்டுமா, தேங்காய் போதுமா என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டும் போடும்மா, கஞ்சத்தனம் பண்ணாதே என்றான். சித்தி வந்திருக்கிறாள் என்று சொன்னதும், வாங்க சித்தி என்றான். அதே குரல்தான். அந்த வீட்டில் அவளுக்கு எப்போதும் அதுதான் கிடைக்கும். சுகந்தி கருவியை அணைத்துவிட்டுத் தங்கைக்கு ஒரு கைப்பிடி கீரையைத் தள்ளினாள்.

இரண்டு பேருமாக ஆய்ந்தார்கள். பிரமிளா மனதுக்குள் கோர்த்து வைத்திருந்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. கடைசியில், "அக்கா, முகிலனைப் பத்தி ஒண்ணு பேசணும். அவனுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

சுகந்தியின் கை நின்றது. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது பிரமி" என்றாள் அவசரமாக. "கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாமத்தான் போனான். நீ அதை நினைச்சு மனசைப் போட்டு குழப்பிக்காதே. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி."

முகிலன் பேருந்து நிலையத்தில் சொன்னது சரிதான், இவள் தாங்க மாட்டாள் என்று பிரமிளா நினைத்தாள். சேர்த்து வைத்தால் அந்த மேசை மேல் இருக்கும் பிள்ளை நாளைக்கே அம்மா என்று இன்னொருத்தியைக் கூப்பிடும். லாரி அதிபர் வீட்டு அம்மாள் அழுத அழுகை அவள் கண் முன்னால் வந்தது. பேச வந்ததை விழுங்கிவிட்டு, தை அமாவாசைக்கு அவன் பேரில் என்ன செய்யலாம் என்று கேட்டாள். இந்த வருடம் பிள்ளைகள் விடுதிக்குச் சாப்பாடு போடலாம் என்று அக்கா சொன்னாள். கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு பிரமிளா கிளம்பினாள்.

மறுநாள் மதியம், அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போனபோது, ஆளில்லாத ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கருவியைக் காதில் மாட்டினாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல?" என்றான் முகிலன்.

சும்மாதான், ஏதாவது பேசு என்றாள். அவன் பேசினான். மேலாளரின் கண்ணாடியை மறுபடி சொன்னான். அந்தப் பெண் நேற்று அவனைப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னான். அந்த நேற்று எப்போதோ போய்விட்டது, அவனுக்கு மட்டும் அது நேற்று. கல்யாணத்துக்கு எந்த அம்மா எந்தப் பக்கம் நிற்பது என்று யோசித்து வைத்திருக்கிறேன், யாருக்கும் தெரியாத மாதிரி உன் காலிலும் விழுந்துவிடுவேன் என்றான்.

"டேய், அக்காகிட்ட உண்மையைச் சொல்லிட்டா என்னடா?"

"வேணாம்மா. அவங்க உடைஞ்சு போயிடுவாங்க." கொஞ்சம் யோசித்தான். "நீ தாங்குவே."

தாங்குகிறவள் என்று ஒருத்தியை வீட்டில் முடிவு செய்துவிட்டால் போதும். பாரத்தை எல்லாம் அவள் பக்கம் தள்ளிவிடலாம். பெரியவர்கள் தள்ளினார்கள், பெற்ற பிள்ளையும் அதையேதான் செய்தான். அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. என்ன செய்யப் போகிறாள் என்பதை அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

"இன்னொரு தடவை கூப்பிடுடா."

"என்னன்னு?"

"எப்பவும் கூப்பிடுற மாதிரி."

"அம்மா. சரி, வெச்சிடட்டா? பாலம் வந்துடுச்சு. நாளைக்குப் பேசலாம்மா."

சரிடா என்றாள். இருக்கைக்குப் போய், தாய் பெயர் பிரமிளா என்றிருந்த முகிலனைத் தன் கையாலேயே அழித்தாள். அந்த வேலையை ஜெரால்டிடம் விடவில்லை. புதிய பதிப்பு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, இரட்டைப் பதிவு எதுவும் இல்லை என்று திருப்தியாகச் சொன்னது. சர்வர் எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், யாரோ கேசரி வாங்கி வந்தார்கள். பிரமிளாவுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. ஜெரால்டு அவள் பக்கம் பார்க்காமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். அவள் கேசரியைச் சாப்பிட்டு முடித்தாள்.

பழைய பதிப்பு சத்தமில்லாமல் அழிக்கும். புதியது அப்படி இல்லை, எழுந்ததுமே, நீக்கப்பட்ட ஒவ்வொரு குரலுக்கும் அந்த எண்ணோடு தொடர்புள்ள எல்லோருக்கும் தானாகவே தகவல் அனுப்பிவிடும். சட்டப்படி அப்படித்தான். அதைச் செய்தது ஜெரால்டின் குழு. அழிப்பதிலேயே குறியாக இருந்த பிரமிளா அதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் சுகந்தி அவள் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். தலைகூட வாரவில்லை. கையில் கைப்பேசி, ஒரு துணிப்பை. உள்ளே வந்ததும் கைப்பேசியை நீட்டினாள். பிரமிளா என்ற தாயின் பெயரில் இருந்த முகிலனின் குரல் நீக்கப்பட்டது என்று இருந்தது.

"அவன் உனக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிருந்தானா?"

பிரமிளா தலையசைத்தாள்.

"அதுல உன்னை என்னன்னு கூப்பிட்டான்?"

பிரமிளா கைப்பேசியை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். அதுவே பதிலாகிவிட்டது. சுகந்தி அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். அக்கா உடைந்துவிட்டாள் என்று பயந்து பிரமிளா அவள் கையைப் பிடித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?" என்றாள் சுகந்தி.

"கேக்கத்தான் வந்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீதானே சொன்னே. அது ஒண்ணுதான் நிம்மதின்னே."

"உனக்காகச் சொன்னேன்டி. பெத்தவளே கொடுத்துட்டாளேன்னு அவன் உன்னைப் பத்தி நினைச்சிருப்பானோன்னு நீ பயந்துக்கிட்டு வந்திருக்கேன்னு நினைச்சேன்." சுகந்திக்கு மூச்சு வாங்கியது. "அவனுக்குப் பதினேழு வயசுலயே தெரியும். ரத்த வகையில ஏதோ பொருந்தலன்னு என்கிட்டதான் முதல்ல வந்து கேட்டான். நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். சித்திகிட்ட மட்டும் காட்டிக்காதம்மா, அவங்க தாங்க மாட்டாங்கன்னு சொன்னான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்ன நினைத்து அப்படிச் செய்தானோ. இரண்டு அம்மாவுக்கும் நடுவில் சண்டை வந்துவிடக்கூடாது என்று நினைத்திருக்கலாம். இரண்டு பேரையும் முழுசாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கலாம். நல்ல மனசுதான், அந்த நல்ல மனசுதான் இப்போது அவனில் பாதியை அழித்திருந்தது. ஒரே ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். பிரமிளா அப்போதுதான் அழுதாள். ஐப்பசியில் அழாததையும் சேர்த்து, அக்காவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சுகந்தி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். படவா, ரெண்டு பேரையும் ஏமாத்திட்டானே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு துணிப்பையிலிருந்து கருவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். என் பிள்ளையில் பாதி உன்னுது, இனிமே இவனை நாம ரெண்டு பேருமா வெச்சுக்கலாம், உன்னை அம்மான்னு கூப்பிடச் சொல்றேன் என்றாள். வேண்டாம் அக்கா, அது முடியாது என்று சொல்ல பிரமிளா வாயெடுத்தாள். ஆள் போனபின் குரல் புதிதாக எதையும் கற்காது என்ற சட்டம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. அவளுக்கும் ஆசைதான். சுகந்தி கருவியைத் தட்டி எழுப்பினாள்.

"முகிலா, சித்தி இருக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும்டா, இனிமே மறைக்க வேண்டாம். அம்மான்னு ஒரு தடவை கூப்பிடு."

அந்தக் குரல் கற்றதை எல்லாம் தேடிப் பார்த்திருக்கும்.

"என்னம்மா திடீர்னு?" என்றான் முகிலன். "சித்தியை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லையே." அப்புறம் குரல் கனிந்தது. "சித்தி, நீங்க ஏன் அழறீங்க? அம்மா எதுவும் சொன்னாங்களா?"

சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள். "நீ சித்தின்னே கூப்பிடு."